வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை?

காங்கேயம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: சமூக ஊடகத்தைக் கூட்டுக் கற்றலுக்குப் பயன்படுத்தலாம் என்று பயிற்சியில் சொன்னதை நம்பி வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினீர்கள்; ஆறு மாதமாக நீங்கள் அனுப்பும் எல்லாவற்றுக்கும் "ஓகே மிஸ்" என்ற பதிலும் கட்டைவிரல் படமும்தான் வருகின்றன; இதற்கு இன்ஸ்டாகிராம் நல்லதா, டெலிகிராம் நல்லதா? கேள்வி செயலியைப் பற்றியதாக இருந்தாலும், அதன் உள்ளே இருப்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. வகுப்பறையில் அடக்க முடியாமல் பேசுகிற பிள்ளைகள் குழுவில் ஏன் வாய் திறப்பதில்லை, அவர்களைப் பேச வைத்தால் பாடம் உண்மையிலேயே மனத்தில் ஏறுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பெருந்துறை வட்டாரத்தில் 23 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். கணினி படித்தவன் அல்லன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றி வாட்ஸ்அப்புக்கு வந்து, பள்ளி திறந்த பிறகும் அதை விடாமல் வைத்துக்கொண்டவன். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஒரே பள்ளியில், ஒரே பாடத்தில், ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் அளவில் கண்டது. கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில், உங்கள் பிள்ளைகள் பேசாததில் வியப்பில்லை. பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில் நாம் எல்லாரும் குழுக்களை ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்தினோம்: கல்வி தொலைக்காட்சியின் நேர அட்டவணை, பயிற்சித்தாளின் படம், பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லும் குறிப்பு. அன்றைய நெருக்கடியில் அது தேவையான வேலைதான். ஆனால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. வகுப்புக் குழு என்றாலே ஆசிரியர் ஒட்டுகிற நோட்டீஸ் போர்டு என்று பிள்ளைகளும் பெற்றோரும் பழகிவிட்டார்கள். நோட்டீஸ் போர்டின் முன்னால் நின்று யாரும் உரையாடுவதில்லை. பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்வார்கள். "ஓகே மிஸ்" என்பது அந்தக் கையெழுத்துதான்.

இரண்டாவது காரணம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. "பருவக்காற்று என்றால் என்ன?" என்று குழுவில் கேட்டால் அதற்குச் சரியான விடை ஒன்றே ஒன்று, அது பாடநூலில் இருக்கிறது, முதலில் அனுப்புகிற பிள்ளையோடு வேலை முடிந்துவிடுகிறது. மீதி முப்பத்தொன்பது பேரும் அதைப் படியெடுத்து ஒட்டலாம், அல்லது சும்மா இருக்கலாம். இரண்டிலும் கற்றல் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, 1913-இல் எழுதி வைத்தார்: ஆள் கூடக்கூட மொத்த இழுப்பு கூடுகிறது, ஆனால் ஒவ்வோர் ஆளும் இழுக்கும் அளவு குறைகிறது. தேர்வடத்தைத் தொட்டபடி நடந்து வருகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தன் கை இல்லாவிட்டாலும் தேர் நகரும் என்று தெரிந்த இடத்தில் பிள்ளை மட்டும் எதற்காக இழுக்கும்?

ஆகவே செயலியை மாற்றுவதற்கு முன் வேலையை மாற்ற வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து. ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்ற எவரிடமும் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். அந்தத் துண்டுகள் சேராமல் விடை கிடைக்கக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு அன்று. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் ஒட்டாமல் மோதிக்கொண்டிருந்தபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தையே துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அடுத்தவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் தேர்வு எழுத முடியாது என்ற நிலை வந்ததும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். பி.எட். வகுப்பில் நாம் படித்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதும் இதன் பக்கத்தில் நிற்பதுதான்: பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் இருக்கும் தூரத்தில்தான் கற்றல் நடக்கிறது. அந்தத் தெரிந்தவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம், தோட்டத்தில் இருக்கும் அப்புச்சியாகவும் (அம்மாவின் அப்பா) இருக்கலாம்.

எங்கள் பள்ளியில் இது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எனக்கு நேரில் தெரியும். எங்கள் பகுதி கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசனப் பகுதி. 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் இந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் நஞ்சைக்கு 120 நாள் தண்ணீர் திறப்பார்கள். மண் வாய்க்கால் என்பதால் கசிவு உண்டு. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள், வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஊரே இரண்டு பட்டு நிற்பதும் இதனால்தான். நீர்வளப் பாடம் நடத்தும்போது அதையே கேள்வியாக வைத்தேன்: வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நம் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதா, ஏறினால் எத்தனை நாளில்?

வகுப்பில் 41 பிள்ளைகள், 17 பேர் வீட்டில் அல்லது தோட்டத்தில் திறந்த கிணறு. ஊர்வாரியாக ஆறு குழுக்களாகப் பிரித்தேன். ஜூலை முதல் டிசம்பர் வரை ஞாயிறுதோறும் கிணற்று மேட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து, ஊர்ப் பெயர், கிணறு வாய்க்காலுக்கு மேட்டுப்புறமா பள்ளத்துப்புறமா, அந்த வாரம் மழை பெய்ததா என்ற விவரங்களோடு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கல் கட்டிய கயிற்றை விடுவது அப்பாவோ அம்மாவோ தாத்தாவோதான், பிள்ளை எழுதிக்கொள்ள மட்டுமே வேண்டும் என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னேன். (தயவுசெய்து இதை நீங்களும் விட்டுவிடாதீர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கம் இன்னும் ஏராளம்.) கிணறு இல்லாத பிள்ளைகளில் சிலர் மழை நாட்களைக் குறித்தார்கள், சிலர் தங்கள் ஊர் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளைக் குறித்தார்கள், சிலர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குரல்பதிவு அனுப்பினார்கள்.

அந்தக் குரல்பதிவுகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால்கூடத் தலை குனிந்துகொள்ளும் ஒரு பெண், தன் அப்புச்சியைப் பேச வைத்து அனுப்பியிருந்தாள். "வாய்க்கால்ல தண்ணி உட்டு இருவது நாளைக்கப்பறந்தானுங்க நம்ம கெணத்துல ஏறும். மழத்தண்ணி மேல இருந்து வரும், இது அடியில இருந்து ஊறி வருமுங்க" என்றார் அவர். அதற்குக் கீழே இன்னொரு பிள்ளை "எங்க ஊர்ல பத்தே நாள்ல ஏறிருச்சுங்களே" என்று எழுத, அதற்கு வேறொருவன் "உங்க தோட்டம் வாய்க்கால ஒட்டியே இருக்குது, அதனாலதான்" என்று பதில் போட்டான். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே பேச்சு நின்றிருக்கும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் உண்மையான சண்டை வந்தது. கிணறு ஏறியது வாய்க்காலாலா மழையாலா? ஒரு குழு மழைதான் என்று பிடிவாதமாக நின்றது. அவர்கள் சொன்னதும் நியாயமானதே, ஏனென்றால் இரண்டும் ஒரே பருவத்தில் வருகின்றன. வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் இது தீரவில்லை. திங்கட்கிழமை காலை கரும்பலகையில் எல்லாருடைய அளவுகளையும் எழுதி வைத்தபோது, மேட்டுப்புறத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் எழுந்து தன் கிணறு செப்டம்பர் முழுக்க அசையவே இல்லை, அக்டோபர் மழைக்குப் பிறகுதான் ஏறியது என்றான். பள்ளத்துப்புறத்துக் கிணறுகள் செப்டம்பரிலேயே ஏறியிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்பதை அந்த வகுப்பு அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டது. பள்ளத்துப்புறத்தில் இருந்தும் ஏறாத கிணறு ஒன்றும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரவு பகலாக ஓடுவதால் இருக்கலாம் என்றார்கள். பாறை வேறாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். அதை முடிவு கட்டாமல் அப்படியே விட்டோம்.

இதில் வாட்ஸ்அப்பின் பங்கு என்ன என்று நிதானமாகப் பார்த்தால், அது மூன்று வேலை செய்தது. பள்ளிக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை நடப்பதை வகுப்புக்குள் கொண்டு வந்தது. எழுதத் தயங்குகிற பிள்ளைக்குக் குரலில் பேச வழி கொடுத்தது. யார் எப்போது என்ன சொன்னார் என்பதை அழியாமல் வைத்திருந்தது. முடிவு எட்டப்பட்டது கரும்பலகையில்தான். குழுவில் தொடங்கிய பேச்சு வகுப்பறைக்குத் திரும்பி வராவிட்டால் அது அரட்டையாகவே கரைந்துவிடும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் முதல் பத்து நிமிடமாவது குழுவில் வந்ததை வகுப்பில் எடுத்துப் பேசுங்கள். தன் பெயரோடு தன் அளவு கரும்பலகையில் ஏறுகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த வாரம் தவறாமல் அனுப்பும்.

இனி, தொல்லைகள். முதலாவது போன் யார் கையில் இருக்கிறது என்பது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஏசர் கல்வி ஆய்வு, 2023-ஆம் ஆண்டு கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுள்ளவர்களைப் பார்த்தது: ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குச் சொந்தப் போன் இருந்தது, பெண்பிள்ளைகளில் 20 விழுக்காட்டினருக்குத்தான். எங்கள் ஊரில் இது இன்னும் தெளிவாகவே தெரியும். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் திருப்பூர் கம்பெனிக்குப் போன அப்பாவோடு போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும். அதை மகன் கேட்டால் கொடுப்பார்கள், மகள் கேட்டால் எதற்கு என்பார்கள். ஆகவே நான் இரண்டு விதிகளை வைத்திருக்கிறேன். ஆறேழு பிள்ளைகள் உள்ள ஊர்க் குழுவுக்கு ஒரு போன் போதும், மற்றவர்கள் நோட்டில் எழுதி வந்து அந்த வீட்டில் சேர்ந்து அனுப்பலாம். வாட்ஸ்அப் குழு வெள்ளி மாலை திறந்து ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மூடும். மற்ற நாட்களில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பில் பூட்டி வைப்பேன். உடனடிப் பதிலுக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை, ஏனெனில் வேகம் போன் வைத்திருப்பவனுடைய வேகம்தான்.

இரண்டாவது, பாதுகாப்பு. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். நாற்பது பேர் குழுவில் ஒரு பெண்பிள்ளையின் சொந்த எண்ணைச் சேர்ப்பது, அதை நாற்பது வீட்டுக்குக் கொடுப்பதற்குச் சமம். பெற்றோர் எண்ணை மட்டும் சேர்ப்பது, தலைமையாசிரியரையும் இன்னோர் ஆசிரியரையும் குழுவில் வைத்துக்கொள்வது, எந்த மாணவரோடும் தனிச்செய்தியில் பேசாமலிருப்பது ஆகிய மூன்றையும் நான் மீறுவதில்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அந்நிறுவனங்களே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. ஒன்பதாம் வகுப்பு அதைத் தாண்டியிருக்கும், ஆறாம் ஏழாம் வகுப்புக்கு இதை முயல வேண்டாம். 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஓர் ஆசிரியர் நடத்தும் சிறு குழுவுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நான் ஜூன் மாதமே பெற்றோர் கூட்டத்தில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறேன்.

மூன்றாவதை என் தவற்றிலிருந்து சொல்கிறேன். தொடக்க ஆண்டில், எல்லாரும் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்து, ஒரு பையன் அனுப்பிய நிலப்படத்தில் காவிரியைத் தவறாகக் குறித்திருந்ததைச் சிவப்பில் சுழித்துக் குழுவிலேயே போட்டேன். வகுப்பில் இதைச் செய்திருந்தால் மணி அடித்ததும் மறந்திருப்பார்கள். குழுவில் போட்டது அன்றிரவே ஸ்கிரீன்ஷாட்டாகி, ஸ்டிக்கராகி, பிள்ளைகளின் வேறு குழுக்களில் சுற்றியது. அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து குழுவில் யாரையும் திருத்துவதில்லை; திருத்தம் நேரில், தனியாக.

நீங்கள் கேட்ட மற்ற செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதாலேயே ஆசிரியரும் அங்கே போக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு நிமிடம் பார்க்கப் போனவரை ஒரு மணி நேரம் இருத்திவைப்பதற்காகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. பாடத்துக்காக உள்ளே போன பிள்ளை பாடத்தோடு வெளியே வராது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் முதலியவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத் தக்கது. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், வினாடி வினா நன்றாக வைக்கலாம், ஆனால் தெரியாத குழுக்களைத் தேடிப் போய்ச் சேருவது அதில் மிகவும் எளிது. கூட்டாக எழுதிப் பழக வேண்டுமென்றால் இவை எல்லாவற்றையும்விட, 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவை, பிள்ளைகளைப் பள்ளியின் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்துக் காட்டுவேன்: தங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, எதற்குச் சான்று இருக்கிறது, எதற்கு இல்லை என்று தேடச் சொன்னால் போதும்.

பாடம் உண்மையில் ஏறுமா என்ற உங்கள் உள்கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக் கூடியது: வகுப்பில் பேசாத சில பிள்ளைகள் குழுவில் பேசினார்கள், பிறகு அவர்களில் சிலர் வகுப்பிலும் பேசினார்கள், கிணற்றை அளந்த வகுப்பு நிலத்தடி நீர் பற்றிக் கேட்டால் மனப்பாட வாக்கியம் சொல்லாமல் தன் ஊர்க் கிணற்றிலிருந்து பேசியது. ஐயத்துக்கு உரியது: இதனால் தேர்வு மதிப்பெண் கூடியதா என்பது. வாட்ஸ்அப் இல்லாத இன்னொரு பிரிவை வைத்து நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. மேட்டுப்புறத்துக் கிணறு இல்லாமல் முடிவு சொன்னால் என் பிள்ளைகளே ஏற்க மாட்டார்கள். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவுகிறது என்று தெளிவாகத் தெரியும் இடங்களில் மட்டுமே அதைப் பள்ளிக்குள் விட வேண்டும் என்றே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையோடு எனக்கு உடன்பாடு உண்டு. பாடநூலில் விடை இருக்கும் கேள்விக்கு நான் குழுவைத் திறப்பதே இல்லை. ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று கேள்விகள்தான்.

காங்கேயம் பக்கம் என்பதால் உங்கள் வகுப்புக்கென்று எனக்கு ஒரு கேள்வி தோன்றுகிறது. உங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் கொரங்காடு இருக்கும், அல்லது பள்ளிக்கு வரும் வழியில் ஒன்றைத் தாண்டித்தான் வருவார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மேய்வதற்கு மாடும் செம்மறியும் என்று வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் மேய்ச்சல் முறை அது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு கொரங்காட்டிலிருந்து ஒரே ஒரு செடியின் படத்தையும், அதற்கு வீட்டில் சொல்லும் பெயரையும், மாடு அதைத் தின்னுமா தின்னாதா என்பதையும் அனுப்பட்டும். பிள்ளைகளின் முகம் படத்தில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் படம் வந்ததும் "அருமை" என்று எழுதிவிடாதீர்கள். "எங்கூர்ல இதுக்கு வேற பேருங்க மிஸ்" என்று இன்னொரு பிள்ளை எழுதும்வரை பொறுத்திருங்கள். முதல் வாரமே வராமல் போகலாம், எனக்கும் மூன்றாவது ஞாயிறுதான் வந்தது.